வந்த கிழங்கு, சொந்தக் கிழங்கு



'நம் வீட்டுச் சமையலின் ருசிக்குக் காரணம் சொந்த மண்ணா, வந்த பொருளா?' என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் 'சொந்த மண்ணே' என்று பேசி அமர்ந்திருக்கிறார். நல்ல பேச்சு. கேழ்வரகுக் களி என்றார், கம்பங்கூழ் என்றார், சோளச்சோறு என்றார். 'என் பாட்டன் சாப்பிட்டது, இந்த மண்ணிலே முளைத்தது' என்று மேசையைத் தட்டினார். ஐயா, மேசையை மெதுவாகத் தட்டுங்க. கேழ்வரகு பிறந்த இடம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டுநிலம். கம்பு பிறந்தது மேற்கு ஆப்பிரிக்காவில், சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே. சோளத்துக்கும் ஆப்பிரிக்காதான் தாய்வீடு. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னாலே வந்து சேர்ந்தவை இவை. ஆக, தலைவர் இருபது நிமிடமும் எங்கள் அணிக்காகத்தான் பேசியிருக்கிறார். அவருக்கு என் நன்றி. (கைதட்டல்)

நான் பத்துப் பொருளைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஒரே ஒரு பொருள்தான். நான் குழித்துறைக்காரி. கன்னியாகுமரி மாவட்டம், விளவங்கோடு தாலுகாவின் தலைநகரம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற சாலையில், மார்த்தாண்டத்தை ஒட்டியே இருக்கிறது. ஊர் நடுவே தாமிரபரணி ஓடுகிறது. திருநெல்வேலிக்காரங்க சண்டைக்கு வரவேண்டாம், இது வேற தாமிரபரணி. மேற்கே ஓடித் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேர்கிறது. ஆடி அமாவாசைக்கு எங்க ஊரில் வாவுபலி நடக்கும். காலையில் ஆற்றங்கரையில் முன்னோருக்குப் பலி கொடுத்துவிட்டு, அப்படியே பொருட்காட்சிக்குப் போய்த் தென்னம்பிள்ளையும் பலாக்கன்றும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். செத்தவர்களுக்கு எள்ளு, இருக்கிறவர்களுக்குக் கன்று.

அந்த ஊரில் பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு தெரு வழியாக நடந்தால் என்ன மணக்கும் தெரியுமா? மரச்சீனி. நீங்க மரவள்ளி என்கிறீர்கள், சில ஊரில் குச்சிக்கிழங்கு, மலையாளத்தில் வடக்கே போகப்போகக் கப்பை. கப்பலில் வந்ததால் கப்பை என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அது ஊர்ப்பேச்சு, அதற்குச் சான்று கேட்காதீர்கள். எங்களுக்கு மரச்சீனிக் கிழங்கு. எந்த வீட்டிலும் 'கிழங்கு' என்று மட்டும் சொன்னால் அது இதுதான். மற்றக் கிழங்குக்கெல்லாம் பெயரோடு முகவரியும் சொல்ல வேண்டும்.

அம்மை கிழங்கு அவிக்கிறதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், வரலாறு அப்புறம். மேல்தோல் பழுப்பு, உள்தோல் இளஞ்சிவப்பு, இரண்டையும் சுற்றி உரித்து எடுத்துவிட வேண்டும். வெள்ளைக் கிழங்கைத் துண்டு போட்டு, நடுவே ஓடுகிற நரம்பை நீக்கி, நாலைந்து தண்ணீரில் கழுவி, முங்கத் தண்ணீர் விட்டுத் திறந்த பானையில் கொதிக்க விடுவார்கள். கொதித்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். வேறு தண்ணீர் விட்டு, அப்புறம்தான் உப்பு. வெந்து வெடித்ததும் வடித்து, தேங்காயும் சீரகமும் பூண்டும் மஞ்சளும் காந்தாரி மிளகும் ஒதுக்கி வைத்து அரைத்ததைப் போட்டு, அகப்பைக் காம்பால் குத்தி மசித்துக் கிளறுவார்கள். பக்கத்து அடுப்பில் மண்சட்டியில் சாளைமீன் குழம்பு. வாழையிலைத் துண்டிலோ பிஞ்ஞாணத்திலோ வைத்தால் பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் இருக்காது.

இப்போ கேட்கிறேன். இந்தக் கிழங்கு எந்த மண்?

தென் அமெரிக்கா. இன்றைய பிரேசில் இருக்கிற பக்கம். ஐரோப்பியன் அங்கே காலடி வைப்பதற்குப் பல ஆயிரம் ஆண்டு முன்பே அங்கிருந்த பழங்குடி மக்கள் இதைப் பயிரிட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் டேப்பியோக்கா என்று சொல்கிற பெயரே அவர்களுடைய தூப்பி மொழிச் சொல். அவர்களிடம் ஒரு கதை உண்டு. மானி என்று ஒரு குழந்தை, வெளேரென்று இருக்கும். நோயும் இல்லை, நொடியும் இல்லை, திடீரென்று செத்துப்போனது. தாய் அதைத் தன் குடிசைக்கு உள்ளேயே புதைத்து, தினமும் தண்ணீர் ஊற்றினாள். அங்கே ஒரு செடி முளைத்தது. நிலம் வெடித்தது. தோண்டிப் பார்த்தால் குழந்தையைப் போலவே வெளுத்த கிழங்கு. மானி வீடு என்று பொருள்படும்படி அதற்குப் பெயர் வைத்தார்களாம். கடலுக்கு அந்தக் கரையிலும் இந்தக் கிழங்குக்கு ஒரு தாயின் கதைதான் இருக்கிறது, கவனியுங்க.

1500-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கப்ரால் என்கிற போர்ச்சுக்கீசியத் தளபதியின் கப்பல்கள் பிரேசில் கரையைத் தொட்டன. அதே கப்பல் கூட்டம் அதே ஆண்டு செப்டம்பரில் கோழிக்கோட்டுக்கு வந்து நின்றது. அந்தப் பயணத்திலேயே கிழங்கு வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வழி திறந்துவிட்டது. அந்த வழியாகத்தான் மிளகாய் வந்தது, கொல்லாமரம் வந்தது, அன்னாசி வந்தது, பப்பாளி வந்தது, மரச்சீனியும் வந்தது.

மிளகாய் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்க பக்கத்தில் மிளகாய்க்குப் பெயரே மிளகுதான், காய்ந்தால் வத்தல் மிளகு. அப்படியானால் நம்ம சொந்த மிளகுக்கு என்ன பெயர்? 'நல்லமிளகு'. வந்தவன் பெயரைப் பிடுங்கிக்கொண்டான். சொந்தக்காரன் 'நான் நல்லவன்' என்று அடைமொழி போட்டுக்கொண்டு நிற்கிறான். (சிரிப்பு) அதே மாதிரிதான் கொல்லாமரமும். பிரேசிலிலிருந்து வந்த மரம், இன்றைக்கு எங்க தாலுகாவில் எத்தனையோ பெண்கள் 'அண்டியாபீசு'க்குப் போய்க் கொட்டை உடைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். சரி, அதைப் பேசப் போனால் நடுவர் மணியடித்துவிடுவார். கிழங்குக்கு வருகிறேன்.

வந்தது சரி. வந்த உடனே யாரும் சாப்பிட்டுவிடவில்லை. காரணம் இருக்கிறது. இந்தக் கிழங்கில் விஷம் உண்டு. சயனைடு உண்டாக்குகிற சத்து தோலிலும் இலையிலும் அதிகம், கிழங்கிலும் உண்டு. கசப்பு வகையில் கூடுதல், இனிப்பு வகையில் குறைவு. ஆடு மாடு இலையைத் தின்று விழுந்து செத்த கதை எங்க ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். உரிப்பது, நறுக்குவது, கழுவுவது, கொதித்த தண்ணீரைக் கொட்டுவது, இதெல்லாம் அம்மை வேலை மெனக்கெட்டுச் செய்த பழக்கம் அல்ல, உயிர்காக்கிற வைத்தியம். 1981-இல் ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டில் கடும் வறட்சி. பசி தாங்காமல் கசப்புக் கிழங்கைச் சரியாகப் பதப்படுத்தாமல் சாப்பிட்டதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால் விளங்காமல் போனது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். ஒரு தண்ணீரைக் கொட்டுவதற்கும் கொட்டாததற்கும் இடையில் இருக்கிற வித்தியாசம் அது. கப்பல்காரன் கம்பைக் கொண்டுவந்து போட்டான், ஐயா. அதைச் சோறாக்கியது அடுக்களை.

இப்போது திருவிதாங்கூருக்கு வருவோம். எங்க ஊர் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வறுத்தெடுத்தது. பக்கத்து வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்த நாடு திருவிதாங்கூர். அடுத்து 1880-இல் பட்டத்துக்கு வந்தவர் விசாகம் திருநாள் ராமவர்மா. ஐந்தே ஆண்டு ஆண்டார், 1885-இல் காலமானார். செடிகொடிகளில் பெரிய ஆர்வம் உள்ளவர். அவர்தான் மரச்சீனியைக் குடிமக்கள் பயிரிட வேண்டும் என்று ஊக்கம் கொடுத்தார். மலாயாப் பக்கத்திலிருந்து நல்ல வகைக் கம்புகளையும் வரவழைத்தார் என்பார்கள். விஷக் கிழங்கு என்று ஜனங்கள் பயந்தபோது, அரண்மனையில் அவித்துத் தாமே சாப்பிட்டுக் காட்டினார் என்றும் ஒரு கதை சொல்கிறார்கள். கதையோ நிஜமோ, ராஜா தின்று காட்டினால்தான் ஊர் நம்பும் என்கிற அளவுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

எங்க விளவங்கோட்டுக்கு அது பொருத்தமான பயிர். நாஞ்சில் நாடு என்றதும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்கள் கண்ணுக்கு வரும். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் அது. விளவங்கோடு அப்படி இல்லை. மேடும் பள்ளமும் செம்மண்ணும் சரளையும். வயல் பள்ளத்தில் கொஞ்சம், மேடெல்லாம் விளை. அந்த விளையில் ஒரு கம்பை முழம் நீளத்துக்கு வெட்டிக் குத்தி வைத்தால் போதும், விதை வேண்டாம், வாய்க்கால் வேண்டாம். எட்டு முதல் பத்து மாதத்தில் கிழங்கு. பிடுங்கின கிழங்கு இரண்டு மூன்று நாளைக்கு மேல் நிற்காது, கறுத்துப்போகும். பிடுங்காமல் விட்டால் மண்ணுக்குள்ளே மாதக் கணக்கில் கிடக்கும். பத்தாயம் வாங்க வசதியில்லாதவனுக்கு மண்ணே பத்தாயம். இன்னொன்றும் நடந்தது. ஒரு மூடு பிடுங்கினால் ஒரு வீடு தின்று தீர்க்க முடியாது. வைத்தால் அழுகும். அதனால் பக்கத்து வீட்டுக்குப் போகும். இந்து வீட்டுக் கிழங்கு கிறிஸ்தவர் வீட்டு அடுப்பில் வேகும், அவர்கள் வீட்டு மூடு தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம் நண்பர் வீட்டுக்குப் போகும்.

இனி 1942. இங்கேதான் நீங்க கொஞ்சம் கவனிக்கணும்.

திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையில் பெரும்பங்கை வெளியிலிருந்து வாங்கிச் சாப்பிட்ட நாடு. முக்கியமாகப் பர்மா அரிசி. 1942 மார்ச் மாதம் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. பர்மாக் கப்பல் நின்றது. அரிசி நின்றது. அடுத்த ஆண்டு வங்காளத்தில் வந்த பஞ்சத்தில் முப்பது லட்சம் பேர்வரை செத்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். திருவிதாங்கூரிலும் ஆட்கள் செத்தார்கள். ஆலப்புழைக்கு வடக்கே சேர்த்தலைப் பக்கம், கயிறு திரித்துப் பிழைத்த ஜனங்கள் மிகவும் அடிபட்டார்கள். ரேஷன் வந்தது. ரேஷன் அரிசி ஒரு வயிற்றுக்கே காணாது. மிச்ச வயிறு எதனால் நிறைந்தது? மரச்சீனியால் நிறைந்தது. வயலே இல்லாதவன் வீட்டைச் சுற்றிக் குத்தி வைத்த பத்துக் கம்பு அந்த வீட்டைக் கரையேற்றியது.

என் பாட்டி அந்தக் காலத்துக்காரி. பாட்டி சொல்வாள்: "மக்களே, அப்பம் சோறுன்னா காய்ச்சல்காரனுக்குள்ள மருந்து. நாழி அரிசி போட்டா ஏழு பேருக்குக் கஞ்சித்தண்ணி. கிழங்குதான் சோறு, கிழங்குதான் பலகாரம்." சீவி வெயிலில் உலர்த்திப் பானையில் கட்டி வைப்பார்களாம். மழைக்காலத்தில் அதை இடித்து மாவாக்கிப் புட்டு அவிப்பார்களாம். மூன்று வேளையும் ஒரே பொருளைப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் தின்ன வேண்டும். அதற்குத்தான் ஒருநாள் மசியல், ஒருநாள் அவியல் துண்டும் காந்தாரித் துவையலும், ஒருநாள் புட்டு, ஒருநாள் பயறோடு சேர்த்துப் புழுங்கியது. நீங்க இன்றைக்கு ஓட்டலில் 'கேரளா ஸ்பெஷல்' என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறீர்களே, அந்த வகைகளை எல்லாம் கண்டுபிடித்தது சமையல் கலை வல்லுநர் இல்லை. 'இன்னைக்கும் கிழங்கா?' என்று கேட்ட குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாத தாய். (கைதட்டல்)

எதிரணிச் சகோதரி ஒருவர் கேட்டார்: 'வயிறு நிரம்பலாம், சத்து உண்டா?' சரியான கேள்வி. மரச்சீனியில் மாவுச்சத்துதான் மிகுதி, புரதம் மிகக் குறைவு. கிழங்கை மட்டுமே தின்று வளர்கிற குழந்தை மெலியும். ஆனால் எங்க பழைய தாலுகாவின் மறுகரை கடல். தூத்தூர், இனயம், தேங்காய்ப்பட்டணம். அங்கிருந்து மீன்காரப் பெண்கள் தலையில் கடவம் சுமந்து மேட்டுக்கு ஏறி வருவார்கள். சாளை, நெத்தோலி, அயிலை. விலை மலிந்த மீன், கொழுப்பும் புரதமும் நிறைந்த மீன். கிழங்கில் இல்லாதது மீனில் இருந்தது. பிரேசில் கிழங்கையும் அரபிக்கடல் மீனையும் ஒரே தட்டில் கொண்டுவந்து சேர்த்தவளுக்குப் புரதம் என்ற சொல்லே தெரியாது. கிழங்கு தொண்டையில் அடைக்கிறது, குழம்பு வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும்.

பஞ்சம் போனது. என்னாச்சு? நன்றி மறந்தாச்சு. கிழங்கு என்றால் ஏழை வீட்டுச் சாப்பாடு என்று ஆகிவிட்டது. கல்யாண வீட்டில் கிழங்கு வைக்கக் கூடாது, சம்பந்தி வந்தால் கிழங்குப் பானையை மூடி ஒளிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் 'நீ காலையில் என்ன சாப்பிட்டே?' என்று வாத்தியார் கேட்டால், கிழங்கு தின்ற பிள்ளை 'தோசை' என்று சொல்லும். என் வகுப்பிலேயே சொன்ன பிள்ளைகள் உண்டு. எனக்கு இந்தப் பட்டிமன்றத்தில் வெற்றி தோல்வி பெரிதில்லை, நடுவர் அவர்களே. எதிரணி சொல்கிற இந்த 'சொந்தம், அந்நியம்' என்கிற பேச்சு இருக்கிறதே, அது பல வீட்டில் 'உயர்ந்த சாப்பாடு, தாழ்ந்த சாப்பாடு' என்றுதான் போய் முடிகிறது. ஒரு குழந்தை தன் அம்மை கையால் தின்றதை வெளியில் சொல்லக் கூசுகிறது என்றால், அது அந்த அம்மைக்குத் தெரியாமலா இருக்கும்?

1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்க நான்கு தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தன. அதற்காக 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தவர்கள் உண்டு. களியக்காவிளையில் எல்லைக்கோடு விழுந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் மலையாளம். சாயங்காலம் இரண்டு பக்கத்து அடுப்பிலும் ஒரே மணம். மொழிக்கு எல்லை போட்ட கமிஷன், கிழங்குக்குப் போட மறந்துவிட்டது. பிறகு ரப்பர் வந்தது, மரச்சீனி விளைகள் குறைந்தன. அந்த ரப்பரும் பிரேசில்காரன்தான்! அண்ணன் இடத்தைத் தம்பி பிடித்துக்கொண்டான். (சிரிப்பு) 1963-இல் திருவனந்தபுரத்துப் பக்கம் ஸ்ரீகாரியத்தில் கிழங்குப் பயிர்களுக்கென்றே மத்திய அரசு ஓர் ஆராய்ச்சி நிலையம் திறந்தது. ஏழைக் கிழங்குக்கு விஞ்ஞானிகள் கிடைத்தார்கள்.

இன்னொரு மாற்றம் வளைகுடாவுக்குப் பிள்ளைகள் போன பிறகு வந்தது. துபாயிலும் மஸ்கட்டிலும் அவர்களுக்கு அரிசிக்குப் பஞ்சம் இல்லை, கோழிக்குப் பஞ்சம் இல்லை. இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வருகிறவன் போனில் என்ன கேட்கிறான்? 'அம்மா, கிழங்கும் சாளைக் குழம்பும் வச்சிடுங்கோ.' ஒளித்து வைத்த பானையை இப்போது விமான நிலையத்திலிருந்து வருகிற பிள்ளைக்காக நடுவீட்டில் திறந்து வைக்கிறாள் அம்மை. உறைய வைத்த கிழங்குத் துண்டுகள் பாக்கெட்டில் போட்டு வளைகுடாக் கடைகளிலும் விற்கிறார்கள். ஒருகாலத்தில் வேறு வழி இல்லாமல் தின்றது, இன்று விலை கொடுத்துத் தேடித் தின்கிறது.

எதிரணியினர் மனம் கோணக் கூடாது. எங்க ஊர் மட்டிப்பழத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அது கன்னியாகுமரி மண்ணுக்கே உரியது என்று 2023-இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். ஒரு பழம் உங்களுக்கு, மிச்சச் சமையலறை எங்களுக்கு.

'இதெல்லாம் குமரிக் கதை, எங்க தஞ்சாவூர் இலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' என்று தலைவர் கேட்பது எனக்குக் கேட்கிறது. சம்பந்தம் இருக்கிறது. ஜவ்வரிசி என்று ஒன்று உண்டு. முதலில் அது தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் வளரும் ஒருவகைப் பனைமரத்தின் சோற்றிலிருந்து செய்தது. ஜாவாவிலிருந்து வந்த அரிசி, அதனால் ஜவ்வரிசி என்பார்கள். பர்மா அரிசியை நிறுத்தின அதே யுத்தம் அதையும் நிறுத்தியது. அப்போது சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற வணிகர், மலையாளக் கரைக்கு வியாபாரத்துக்குப் போய்வந்த இடத்தில் மரவள்ளி மாவைக் கண்டு, 1943 வாக்கில் அதிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் அது பெருந்தொழிலானது. 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு வந்தது. வடக்கே மகாராஷ்டிரத்தில் ஏகாதசி விரதத்தன்று அரிசியைத் தொடமாட்டார்கள், இந்த ஜவ்வரிசிக் கிச்சடியைத்தான் சாப்பிடுவார்கள். தானியம் ஆகாத நாளுக்கு எங்க மரச்சீனிதான் ஆகும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு வார்த்தை. இன்று மதியம் இந்தக் குழுவினர் எல்லோருக்கும் விருந்து வைத்தார்கள். சொந்த மண்ணுக்காக வாதாடுகிற எதிரணித் தலைவர் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிற தம்பியைக் கூப்பிட்டு, "அந்தப் பாயசம் இன்னும் ஒரு கரண்டி" என்று இரண்டு தடவை கேட்டு வாங்கினார். அது ஜவ்வரிசிப் பாயசம். (பலத்த கைதட்டல்)